பலத்த நிலக்கடலை வீசும்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை காலை, சல்லிக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களின் கைத்தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. வந்த எச்சரிக்கை இதுதான்:

"இன்று பிற்பகல் பலத்த நிலக்கடலை வீசும். வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர். சிறு படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

கோணேஸ்வரன் அதை வாசித்தார். கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். பிறகு பட்டினத்தில் இருக்கும் தமக்கையின் மகளுக்கு அழைப்பு எடுத்தார்.

"மருமோளே, கடலை எத்தினை மணிக்கு வீசும்? நாங்கள் சாக்கு விரிச்சுக்கொண்டு நிக்கிறம்."

"என்ன மாமா?"

"வறுத்ததோ அவிச்சதோ எண்டும் சொல்லிவிட்டால் நல்லம். உன்ர மாமி சட்டியை அடுப்பில வைக்கவோ எண்டு கேக்கிறா."

அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் சிரிப்பது துஷாந்திக்குக் கேட்டது. அவள் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். தன் கைத்தொலைபேசியில் அதே எச்சரிக்கையைத் திறந்து பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மடிக்கணினியை எடுக்கப் போனாள். தேத்தண்ணி அங்கேயே ஆறிப்போனது.

துஷாந்தி முப்பதைத் தாண்டியவள். தகப்பன் பாலசிங்கம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். தாய் சீதேவி சல்லிக்காரி. அலுவலகக் குடும்பத்துப் பையன் கடற்கரைப் பெண்ணைக் கட்டியதில் இரண்டு வீட்டாரும் பல வருடம் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோது சண்டை எந்த இடத்தில் முட்டிக்கொண்டது என்பது ஒருவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அதனால் துஷாந்தி பள்ளிக்கூட நாட்களைப் பட்டினத்திலும் விடுமுறைகளைச் சல்லியிலும் கழித்தாள். இரண்டு இடத்திலும் கொஞ்சம் வெளியாள்தான். அதைப்பற்றி அவள் குறைப்பட்டதில்லை.

கணினி படித்தாள். கொழும்பில் வெள்ளவத்தையில் நான்கு பெண்களோடு ஓர் அறையைப் பங்குபோட்டுக்கொண்டு வேலை செய்தாள். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். ஒரு பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் "இந்த வேலை முடியட்டும் அம்மா" என்பாள். அவள் செய்வது முடிகிற வகை வேலை இல்லை என்பது சீதேவிக்கு இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் "முடிஞ்சுதோ?" என்று கேட்பார்.

கொழும்பில் இருக்கும் சிறிய நிறுவனம் ஒன்று கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை நடத்துகிறது. அதில் இரண்டு பக்கங்கள். ஒன்று கடற்காரருக்கு, காற்றும் அலையும் பற்றிய எச்சரிக்கை. மற்றது தோட்டக்காரருக்கு, சந்தை விலை. காற்றுப் பக்கம் துஷாந்தியின் பொறுப்பு. விலைப் பக்கத்தைக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருந்துகொண்டு நிப்லா பார்க்கிறாள். இருவரையும் கொழும்பிலிருந்து மேய்ப்பவர் ரஜீவன்.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒவ்வொருவரின் கணினியிலும் செயலியின் முழுப் பிரதி ஒன்று இருக்கும். ஆளுக்காள் தன் பிரதியில் திருத்தம் செய்வார்கள். திருத்தியதை மட்டும் ஒரு சின்ன ஒட்டாக்கி, எல்லாருக்கும் பொதுவான ஒரு கிளைக்கு அனுப்புவார்கள். பொதுக் கிளையில் என்ன இருக்கிறதோ அதுவே ஊரெல்லாம் உள்ள கைத்தொலைபேசிகளுக்குப் போகும். ஆகவே தன் பிரதியில் யாரும் என்னவும் கிறுக்கலாம்; பொதுக் கிளையில் கைவைக்கும்போதுதான் பயம் வேண்டும். அங்கே ஒரு சொல் பிழைத்தால் சல்லியில் சாக்கு விரிப்பார்கள்.

காற்றுப் பக்கத்தைத் தொடங்கும்போது துஷாந்தி பிடித்த பிடிவாதம் ஒன்றே ஒன்று. திசையைச் சொல்லி, பாகையைச் சொல்லி எழுதக்கூடாது. கரையில் சொல்லுகிற பெயரைத்தான் எழுதவேண்டும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான். சல்லிக்காரர் பயப்படுவது கச்சானுக்கு. வைகாசி தொடங்கி ஆவணி வரை தரைப் பக்கமிருந்து வரும் வறண்ட மேல்காற்று அது. கரையில் நிற்பவனுக்குப் புழுதி. கடலில் இயந்திரம் நின்றுபோன படகில் இருப்பவனை அது கரைக்கு விடாது. வெளியே, வெளியே என்று கொண்டுபோகும். கோணேஸ்வரன் ஒருமுறை அப்படிப் போனவர். வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டு கட்டியிழுத்து வந்தது. அதை அவர் பகிடியாகத்தான் சொல்லுவார். மாமி மட்டும் அந்தக் கதை தொடங்கினால் எழுந்து போய்விடுவார்.

கோயில் திருவிழாவில் சுருளில் கட்டி விற்கிற கடலைக்கும் இந்த ஊரில் கச்சான் என்றுதான் பெயர். யாரும் குழம்புவதில்லை. கோணேசர் கோயிலடியில் நின்று "கச்சான் எப்படி?" என்றால் சுருளை நீட்டுவார்கள். சல்லிக் கரையில் நின்று அதையே கேட்டால் கடலைப் பார்ப்பார்கள்.

செயலி சல்லியில் பரீட்சார்த்தமாக ஓடிய மூன்று மாதம் அன்றோடு முடிகிறது. பின்னேரம் மீனவர் சங்கத்தில் கூட்டம். வேண்டும் என்றால் தொடரும், மற்றக் கரைகளுக்கும் போகும். வேண்டாம் என்றால் காற்றுப் பக்கம் மூடப்படும். "மூடினால் நீர் கொழும்புக்கு வந்து வங்கி வேலையைப் பாரும்" என்று ரஜீவன் போன கிழமையே சொல்லியிருந்தார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, காலநிலை சொல்லுவதுபோலச் சொன்னார். துஷாந்திக்கு வங்கி வேலையும் தெரியும், வெள்ளவத்தை அறையும் தெரியும். இரண்டுக்கும் திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். செயலியில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி உண்டு. இடப்பக்கம் அடையாளப் பெயர், வலப்பக்கம் திரையில் தெரியவேண்டிய சொல். வலப்பக்கத்தை மாற்றினால், அந்தப் பெயரைக் கூப்பிடும் இடமெல்லாம் சொல் மாறும். "கச்சான்" என்ற பெயருக்கு எதிரே இப்போது "நிலக்கடலை" என்று இருந்தது. முந்தின நாள் மாற்றியவள் நிப்லா.

"ஓம் புள்ள, நான்தான் மாத்தினன்" என்றாள் நிப்லா தொலைபேசியில். அவளுக்குப் பின்னால் கோழி கத்தியது. "மலைநாட்டுச் சனம் கச்சான் எண்டா என்னண்டு கேக்குதாம். பாடப்புத்தகச் சொல்லைப் போடச் சொல்லி ரஜீவன் சேர் சொன்னார், போட்டன். அதுல என்ன?"

"அந்த வரியில காத்தும் தொங்குது."

"காத்தா? எந்தக் காத்து?"

"கச்சான் காத்து."

நிப்லா கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

"யா அல்லாஹ்" என்றாள் நிப்லா. "அந்தக் காத்தைக் கொண்டுவந்து என்ட கடலைச் சாக்குக்குள்ள கட்டினது ஆரு?"

துஷாந்தி வரியின் வரலாற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விலைப் பக்கத்துக்காக நிப்லா முதலில் எழுதிய வரி அது. காற்றுப் பக்கம் எழுத வந்தபோது துஷாந்தி அதைக் கண்டிருக்கிறாள். கச்சான்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு வரி எதற்கு என்று அதையே எடுத்திருக்கிறாள். அவை இரண்டு சொற்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் செய்திருந்தால் அகராதியைப் பார்த்திருப்பார்; இந்தப் பிழை நடந்திருக்காது.

"நான்தான்."

"அப்ப சரி. ரெண்டு பேரும் சேந்து வறுபடுவம்." நிப்லா சிரித்தாள். "ஆரோ எச்சரிக்கையைப் படம் புடிச்சு என்ட மச்சானுக்கும் அனுப்பியிருக்காங்க. மூதூர்ச் சந்தையில கடலை விலை இறங்கப் போகுதாம். சும்மா வீசுறதை ஆரு வாங்குறது எண்டு கேக்குறார்."

அடுத்த எச்சரிக்கை இரண்டு மணிக்குப் போகும். படகுகள் மூன்று மணிபோல இறங்கத் தொடங்கும். இரண்டாம் முறையும் நிலக்கடலை வீசினால் பின்னேரக் கூட்டத்துக்குப் போகவே தேவையில்லை.

துஷாந்தி ஒரு வரியை இரண்டாக்கினாள். பழைய வரியின் பெயரைக் கடலை என்று மாற்றி, விலைப் பக்கத்தையும் அப்படியே கூப்பிட வைத்தாள். காற்றுக்குப் புதிதாக ஒரு வரி எழுதினாள். காற்றுப் பக்கத்தில் கச்சானைக் கூப்பிட்ட இடமெல்லாம் தேடி, புதிய பெயரைக் கூப்பிட வைத்தாள். ஒட்டாக்கிப் பொதுக் கிளைக்குத் தள்ளினாள்.

கிளை ஏற்கவில்லை. உனக்கு முன்னால் இன்னொருவரின் திருத்தம் வந்திருக்கிறது, அது உன்னிடம் இல்லை என்று சொல்லிற்று.

அந்த நேரம் ரஜீவன் அழைத்தார். "துஷாந்தி, என்ன நடக்குது அங்க? அந்தப் படம் எனக்கே வந்திட்டுது. கனடாவில இருந்து."

"திருத்திட்டன் அண்ணா. அனுப்ப விடுதில்லை. நிப்லா பதட்டத்தில தானும் ஒண்டு அனுப்பியிருக்கிறா போல."

"அப்ப ஃபோர்ஸ் பண்ணித் தள்ளும். நேரமில்லை."

அப்படி ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் கிளை மறுபேச்சுப் பேசாது. இருப்பதை அழித்துவிட்டு, தள்ளுகிறவரின் பிரதியைப் போட்டுக்கொள்ளும். நிப்லா என்ன அனுப்பியிருக்கிறாள் என்று துஷாந்தி பார்த்தாள். கச்சானைப் பழையபடி ஆக்கிய ஒரு வரி. அதோடு, மூதூர்ச் சந்தைக்கென்று அவள் கிழமை முழுக்க இருந்து செய்த புதிய பக்கம். பலவந்தமாகத் தள்ளினால் இரண்டும் போய்விடும். நிப்லாவின் கணினியில் பிரதி இருக்கும்தான். ஆனால் பொதுக் கிளையிலிருந்து தன் வேலை காணாமற் போனது அவளுக்குத் தெரிய எத்தனை நாளாகுமோ. அதற்குள் இன்னொரு நாலு பேர் அதற்கு மேல் கட்டிவிடுவார்கள்.

"ஏலாது அண்ணா. அவவின்ர வேலை போயிடும்."

"கூட்டம் உமக்கா எனக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் துஷாந்தி. "வையுங்கோ, நான் செய்யிறன்."

நிப்லாவின் திருத்தத்தை முதலில் தன் பிரதிக்குள் இறக்கினாள். அதற்கு மேல் தன் ஒட்டை வைக்கப் பார்த்தாள். ஒரே வரியை இருவரும் இரண்டு விதமாக மாற்றியிருந்ததால் கணினி வேலையை நிறுத்தியது. இரண்டு வடிவத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எது வேண்டும் என்று கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கோணேஸ்வரன் மறுபடி அழைத்தார்.

"ஒரு சொல்லு மாத்த இவ்வளவு நேரமோ? இஞ்ச பாக்கியரத்தினம் சங்கத்துக் கரும்பலகையில எழுதிப் போட்டார், 'இன்று கடலை இலவசம்' எண்டு."

பாக்கியரத்தினம் சங்கத் தலைவர். கரும்பலகையில் சாதாரணமாகக் கூட்டத் திகதிதான் எழுதுவார்.

"மாமா, கரைவலைப் பாட்டு இடத்தில ஆரோ வலை வளைச்சு இழுத்துக்கொண்டிருக்கேக்க நீங்கள் போய் உங்கட வலையை விடுவியளோ?"

"விட்டால் மண்டை உடையும்."

"இஞ்சயும் அதுதான். எனக்கு முன்னால மூதூர்ப் பிள்ளை விட்டிட்டா. அவவின்ர வலை ஏறினாப் பிறகுதான் நான்."

"அப்ப ஏறட்டும்." கொஞ்சம் யோசித்தார். "கெதியா ஏறச் சொல்லு."

அவள் நிப்லாவுக்கு எடுத்தாள். காற்று வரிக்கு வாதம் எதுவும் இருக்கவில்லை. கடலை வரிக்கு என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி.

"ரெண்டையும் போடுங்க" என்றாள் நிப்லா. "நிலக்கடலை, ஒரு கோடு, கச்சான். மலைநாட்டாருக்கும் விளங்கும். இஞ்ச, வாயில நுழையாத பேரைப் போட்டா எங்கட ஆக்கள் விலை பாக்கமாட்டாங்க."

துஷாந்தி அப்படியே எழுதினாள். காற்றுப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரைக்கு வரவழைத்துப் பார்த்தாள். வாடை வாடையாக வந்தது. கச்சான் கச்சானாக வந்தது. ஒவ்வொரு ஒட்டோடும், ஏன் ஒட்டினாய் என்று ஒரு வரி எழுதவேண்டும். வழக்கமாக அதை அக்கறையில்லாமல்தான் எழுதுவாள். அன்று எழுதினாள்: "காற்றையும் கடலையையும் பிரித்தேன்."

இப்படி மோதிய ஒட்டை இன்னொருவர் வாசித்துச் சரி சொன்னால்தான் கிளை திறக்கும். நிப்லா வாசித்தாள். சரி என்பதற்குக் கீழே, "கல்லில்லாமப் புடைச்சாச்சு" என்று எழுதினாள். துஷாந்தி மறுபடி தள்ளினாள். இந்த முறை கிளை ஏற்றது.

இரண்டு மணி எச்சரிக்கை பிழையில்லாமல் போயிற்று. "இன்று பிற்பகல் பலத்த கச்சான் வீசும்." அதைத் தன் கைத்தொலைபேசியில் பார்த்தபிறகுதான் துஷாந்தி சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பின்னேரம் ஸ்கூட்டரில் சல்லிக்குப் போனாள். உப்புவெளி தாண்டும்போதே காற்று இடப்பக்கமிருந்து வண்டியைத் தள்ளியது. வீதியோரம் ஒரு தகரம் உருண்டு போனது. மணல் பல்லுக்குள் நறநறத்தது. முத்துமாரியம்மன் கோயிலைக் கடந்து கரைக்கு வந்தவள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். படகுகள் அத்தனையும் மேலே இழுத்துக் கிடந்தன. வெளியே கடல் கரையைவிட்டு ஓடுவதுபோல நுரைத்துக்கொண்டு போனது. ஒரு படகுகூட அங்கே இல்லை.

இரண்டு மணி எச்சரிக்கை வேலை செய்துவிட்டது என்று அவளுக்குள் சிறு சந்தோசம். சங்கக் கட்டடத்து வாசலில் நின்ற மாமாவிடம், "ரெண்டாவது வந்ததோ?" என்று கேட்டாள்.

"எந்த ரெண்டாவது?"

கோணேஸ்வரன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். எச்சரிக்கை திறக்கப்படாமல் கிடந்தது. பக்கத்தில் நின்றவர்களும் தங்களுடையதைப் பார்த்தார்கள். ஒருவரும் திறந்திருக்கவில்லை.

"அப்ப ஏன் ஒருத்தரும் இறங்கேல்லை?"

"காலமை வந்ததை எல்லாரும் வாசிச்சவங்கள். நிலாவெளிக்கு அனுப்பினம், கட்டைபறிச்சானுக்கு அனுப்பினம். அங்க இருந்து திருப்பி எங்களுக்கே வந்தது. பகிடி பார்க்கக் கரைக்கு வந்த சனம் எல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டது, எப்ப கடலை வீசும் எண்டு. ஒரு மணி தாண்ட வீசிச்சுது. பிறகு ஆர் இறங்கிறது?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையைச் சொல்லட்டோ? மூண்டு மாசமா நீ அனுப்பினதை ஒருத்தரும் வாசிக்கேல்லை. நானும்தான். நீ கேக்கேக்க ஓம் ஓம் எண்டு சொன்னனான்."

அவர் கையில் திறக்கப்படாமல் கிடந்ததைத் துஷாந்தி இன்னொருமுறை பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள்.

கூட்டத்தில் கனபேர் கதைக்கவில்லை. பாக்கியரத்தினம் எழுந்து, செயலி நல்லது, சங்கம் ஏற்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். "கடலையை எடுக்கக்கூடாது. அது இருந்தால்தான் எங்கட பெடியள் திறந்து பாப்பாங்கள். வாற முறை வேறயும் போடலாம். பலத்த வடை வீசும் எண்டு போடுங்கோவன், வாடைக்கு."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அவர் பகிடியாகத் தொடங்கியிருந்தாலும் நிபந்தனையைப் பகிடியாக வைக்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஓம் என்றால் போதும். கொழும்பு இல்லை, வங்கி இல்லை.

துஷாந்தி எழும்பினாள்.

"அது நான் தனியப் பாவிக்கிற கிளை இல்லை ஐயா. நாளைக்கு நிலாவெளிக்கும் அதுதான் போகும், மன்னாருக்கும் அதுதான் போகும். உங்களுக்குக் கதை தெரியும், சிரிச்சுப்போட்டுக் கரையில நிக்கிறியள். கதை தெரியாத ஒருத்தன் அதை வாசிச்சு, பிழை விட்டிட்டாங்கள் எண்டு சிரிச்சுக்கொண்டு கடலுக்குப் போவான். என்னால அதைப் போடேலாது. வேண்டாம் எண்டால் விடுங்கோ."

சொல்லிவிட்டு இருந்தாள். வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது.

கோணேஸ்வரன் இருந்த இடத்திலிருந்தே கதைத்தார். "நான் கச்சானில போனநேரம், விடிய மூண்டு பேர் போனம். கரையில நிண்ட ஒருத்தர், இண்டைக்குக் காத்து சரியில்லைப் போல எண்டவர். நான் சொன்னனான், உனக்கு எப்பவும் சரியில்லைதான் எண்டு. பகிடியாத்தான் சொன்னனான்." அதற்கு மேல் அந்தக் கதையை அவர் வளர்க்கவில்லை. "பிள்ளை சொல்லுற மாதிரியே விடுங்கோ. சரியான பேரோட வரட்டும்."

கையை முதலில் உயர்த்தியவர் அவர். பிறகு மற்றவர்கள். பாக்கியரத்தினம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தானும் உயர்த்தினார்.

அதற்குப் பிறகு செயலி நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் போயிருக்கிறது. துஷாந்தி இன்னும் பட்டினத்திலேயே இருக்கிறாள். சீதேவி இன்னும் "முடிஞ்சுதோ?" என்று கேட்கிறார். கைத்தொலைபேசிகளில் கச்சான் கச்சான் என்றே வருகிறது. வாடை வாடை என்றே வருகிறது. ஆனால் சல்லிக் கரையில் எச்சரிக்கை என்ற சொல்லை யாரும் பாவிப்பதில்லை. மாரியோ கோடையோ, படகை இறக்கப் போகிறவனைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரன் கேட்பது ஒன்றுதான்.

"கடலை பாத்தனியோ?"

பார்த்தவன் பார்த்தேன் என்பான். பார்க்காதவன் சாரத்து மடிப்பிலிருந்து கைத்தொலைபேசியை எடுப்பான்.